டிஎம்டி நார்மல் என்றார்கள், அப்புறம் எப்படி மாரடைப்பு வந்தது?

கேள்வி: என் வயது 33. அலுவலக நண்பனுக்கு 35. மூன்று மாதம் முன்பு செய்த டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்கவைத்து இசிஜி எடுக்கும் பரிசோதனை), எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) எல்லாம் நார்மல். போன வாரம் மாரடைப்பு. ரத்தக்கட்டியை எடுத்த பிறகு பார்த்தால் உள்ளே 40 சதவீத அடைப்புதான் இருந்ததாம். இது எப்படி? நானும் தினமும் ஐந்தாறு சிகரெட் பிடிக்கிறேன், அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. ஆஞ்சியோகிராம் செய்துகொள்ளட்டுமா?

பதில்: டிஎம்டி தப்பாகக் காட்டவில்லை. நடக்கும்போது இதயத்துக்கு ரத்தம் போதுகிறதா என்றுதான் அது பார்க்கும், அதில் குறை தெரிய இதயத்தின் ரத்தக்குழாய் ஏறக்குறைய 70 சதவீதமாவது சுருங்கியிருக்க வேண்டும். 40 சதவீதம் இருப்பவர் ஓடலாம், மாடி ஏறலாம், ஒன்றும் தெரியாது.

சிக்கல் அடைப்பின் அளவில் இல்லை, தன்மையில் இருக்கிறது. ரத்தக்குழாயின் சுவருக்குள் கூழ் மாதிரி கொழுப்பு சேர்ந்து, அதன்மேல் தலைமுடி அளவுக்கு மெல்லிய ஒரு மூடி மட்டும் இருக்கும். அந்த மூடி கிழிந்தால், உடம்பு அதை வெளிக்காயம் என்று நினைத்து ரத்தத்தை உறைய வைக்கிறது, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய் சில நிமிடங்களில் மூடிக்கொள்கிறது. புகைப்பவர்களுக்கு மூடி கிழியக்கூட வேண்டாம், உட்பரப்பு லேசாக உரிந்தாலே ரத்தக்கட்டி பிடித்துவிடலாம், ஏனென்றால் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைப் புகை ஒட்டும் தன்மையோடு வைத்திருக்கிறது.

வயதானவர்களுக்கு அடைப்பு பல வருடமாக மெதுவாக வளர்வதால், பக்கத்துக் குழாய்களிலிருந்து சின்னச் சின்ன மாற்றுவழிகள் உருவாக நேரம் கிடைக்கிறது. இளைஞருக்கு அந்த அவகாசம் இல்லை. பெரும்பாலும் ஒரே குழாயில்தான் நோய், ஆனால் அது திடீரென மூடும்போது பின்னால் இருக்கும் தசைக்குக் கைகொடுக்க யாருமில்லை. மூன்று குழாயில் அடைப்போடு நடந்து வருகிற தாத்தாவைவிட 35 வயதுக்காரரின் இதயம் சில சமயம் அதிகம் சேதமாகியிருப்பதைப் பார்க்கும்போது எங்களுக்கே மனசு கஷ்டமாக இருக்கும்.

கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் பிரேதப் பரிசோதனை முடிவு 1953-ல் வந்தது. சராசரி வயது 22தான், ஆனால் 77 சதவீதம் பேருக்கு இதயக் குழாயில் நோயின் அடையாளம் தெரிந்தது. அதாவது இது நாற்பதில் தொடங்குகிற சமாசாரமே இல்லை. (எல்லா இளவயது மாரடைப்பும் கொழுப்பால்தான் என்றும் சொல்ல மாட்டேன். பிரசவமான சில வாரங்களில் குழாயின் சுவர் தானாகப் பிளந்துகொள்ளும் பெண்கள் உண்டு, சிறுவயதில் கவாசாகி நோய் (ரத்தக்குழாய்களை அழற்சியாக்கும் குழந்தைகள் காய்ச்சல்) வந்து குழாய் வீங்கிப்போனவர்களும் உண்டு.)

சரி, உங்கள் விஷயம். எந்தத் தொந்தரவும் இல்லாதபோது ஆஞ்சியோகிராம் வேண்டாம். கால்சியம் ஸ்கோர் (இதயக் குழாயில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் சிடி ஸ்கேன்) எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள், உங்கள் வயதில் அது பூஜ்யம் என்று வந்தாலும் நம்பி உட்கார முடியாது, இளம் படிவு இன்னும் சுண்ணாம்பு ஏறாமல் மெத்தென்று இருக்கும். எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்), ரத்த அழுத்தம், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி) பாருங்கள். அப்பாவுக்கு 55-க்குள் வந்திருப்பதால் லைப்போபுரதம்-ஏ (ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் ஒரு துகள்) பரிசோதனையும் ஒருமுறை செய்யுங்கள், அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, வழக்கமான கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் இருக்காது. எல்டிஎல் அதிகமாக இருந்து மருத்துவர் மாத்திரை எழுதினால் "இந்த வயசிலயா" என்று தள்ளிப்போடாதீர்கள்.

சிகரெட்டைக் குறைக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐந்தை இரண்டாக்கினாலும் ஆபத்து அதே விகிதத்தில் குறையாது. முழுதாக விட்டால் புகையால் வந்த கூடுதல் ஆபத்து ஒரே வருடத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இன்னொன்று. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை என்று வந்தால் வாயுத் தொல்லை என்று மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள், நீங்களே வண்டி ஓட்டவும் வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முதல் இசிஜி நார்மல் என்று சொன்னாலும் உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள், ட்ரோபோனினும் (இதயத் தசை சேதமானதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இரண்டாவது இசிஜியும் பார்த்த பிறகுதான்.