கிழங்கு மனிதனும் வெந்த கையும்: கோல்ட்சியஸின் வீரர்கள் பற்றிக் கேள்வி பதில்

ஹென்ட்ரிக் கோல்ட்சியஸின் ஹெர்குலிஸ் ஏன் உடம்பெல்லாம் புடைத்துக் கிடக்கிறான்? கிண்டலா?

டச்சு அச்சுக்கலைஞர் கோல்ட்சியஸ், கிரேக்கக் கதைகளின் பலசாலி வீரன் ஹெர்குலிஸைச் செப்புத் தகட்டில் உளியால் செதுக்கி, 1589-இல் வெளியிட்ட அச்சுப்படம் அது. டச்சுக்காரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயரின் பொருளே ‘கிழங்கு மனிதன்’தான். சேனைக்கிழங்கை அடுக்கி வைத்தாற்போல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்ட டச்சு மண்ணின் பலம் அது என்பார்கள் சிலர். நையாண்டி என்பார்கள் வேறு சிலர். எனக்கென்னவோ, உளி வித்தையைக் காட்ட மேடு பள்ளம் நிறைய வேண்டியிருந்தது என்றே படுகிறது.

வெறும் கோடு எப்படித் தசையாகிறது?

செப்புத் தகட்டில் பியூரின் என்ற கூர் உளியைத் தள்ளிக்கொண்டே போவார்கள். அழுத்தினால் பள்ளம் ஆழமாகும், அகலமும் கூடும், மை நிறையப் பிடிக்கும். தளர்த்தினால் மயிரிழையாகத் தேயும். ஒரே கோடு தோளின் நிழலில் தடித்து, மேட்டில் மெலிந்து, இறக்கத்தில் மறுபடி தடிக்கும். இரண்டு கோட்டு வரிசைகள் குறுக்கே வெட்டும் இடத்தில் சின்னச் சின்னச் சாய்சதுரங்கள் விழும். சில இடங்களில் அதன் நடுவே ஒரு புள்ளி. லென்ஸ் வைத்துத் தொடையைப் பாருங்கள். அப்புறம், வளைவு வரும்போது கையைவிடத் தகட்டைத்தான் அதிகம் திருப்புவார்கள்.

அவர் வலது கை ஊனமாமே?

ஆமாம். சிறு வயதில் நெருப்பில் விழுந்தவர். விரல்களை முழுசாக விரிக்க முடியாது என்று நண்பர் வான் மாண்டர் 1604-இல் எழுதியிருக்கிறார். 1588-இல் வரைந்த வலது கைச் சித்திரம் ஒன்று நெதர்லாந்தின் ஹார்லெமில் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய கைதான் என்பார்கள். உளியைத் தள்ள உள்ளங்கையும் தோளும்தான் முக்கியம் என்பதால் தொழில் நிற்கவில்லை.

1586-இல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்குக் காணிக்கையாக்கிய ‘ரோம வீரர்கள்’ வரிசையில் மூசியஸ் ஸ்கேவோலா வருகிறான். பகையரசனைக் கொல்லப் போய், ஆள் மாறி எழுத்தரைக் குத்திவிட்டு, பிடிபட்டதும் தன் வலது கையைத் தானே நெருப்பில் நீட்டியவன். அந்தத் தகட்டைச் செதுக்கியது வெந்த கை என்று நினைத்துக்கொண்டு பாருங்கள்.

கடைசிவரை இப்படித்தான் வரைந்தாரா?

இல்லை. 1590–91-இல் இத்தாலி போய் ரோமின் பழஞ்சிலைகளைப் பார்த்து வரைந்தார், தசை அடங்கிவிட்டது. ஃபர்னீஸ் ஹெர்குலிஸ் சிலையைப் பின்புறமிருந்து காட்டும் படம் அந்தப் பயணத்தின் பலன். கீழே ஓரமாக இரண்டு பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும் முகம் நமக்குத் தெரியாது.