பாட்டியின் கப்பல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் பாட்டி போன வருடம் இறந்துபோனாள். அவளுடைய தாத்தா தாது வருஷப் பஞ்சத்தில் தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், மூன்று தடவை போய்த் திரும்பியவர் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பஞ்சம் 1876–78. தனுஷ்கோடியிலிருந்து இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னாருக்குப் போகும் கப்பலோ 1914இல்தான் ஓடத் தொடங்கியிருக்கிறது. அப்படியென்றால் பாட்டி சொன்னதெல்லாம் கட்டுக்கதையா?

க.

அன்புள்ள க.,

கப்பலை மட்டும் தனியே எடுத்து வையுங்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

‘மூன்று தடவை போய்த் திரும்பினார்’ என்கிறார் பாருங்கள், நான் அதைத்தான் பிடித்துக்கொள்வேன். பெருமைக்காக யாரும் கட்டிச் சொல்கிற விஷயமில்லை அது. 1870களில் மலையில் பெரும்பாலும் காப்பிதான். தேயிலை அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. காப்பிக்குப் பழம் பறிக்கிற மாதங்களில்தான் ஆள் நிறைய வேண்டும், பறிப்பு முடிந்தால் ஊர் திரும்பிவிடலாம், அடுத்த வருஷம் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர், கூப்பிட்டால் மறுபடி போகலாம். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் காப்பியை மெல்ல மெல்லத் தின்று தீர்த்து, அந்த இடத்தில் தேயிலை வந்தது. கொழுந்து வருஷம் முழுக்க எடுக்க வேண்டுமே, அதனால் போனவர்கள் குடும்பத்தோடு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கிப்போனார்கள். ஆக, உங்கள் முன்னோர் அநேகமாகக் காப்பிக்குப் போனவர். தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்திருப்பார். காலராவிலும் காய்ச்சலிலும் அந்தப் பாதையில் விழுந்தவர்கள் ஏராளம்.

சரி, கப்பல். அது அவர் மகனுடையதாக இருக்கலாம். பாட்டியுடையதாகவே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தான் ஏறிய கப்பலில் தாத்தாவையும் ஏற்றிவிட்டிருப்பார். தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிந்துவிட்டது, அதற்குப் பிறகு தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள். எனவே தனுஷ்கோடி பாட்டியின் சொந்த ஞாபகம் என்றால், அவர் பயணம் புயலுக்கு முந்தியது. வீட்டில் பழைய பாஸ்போர்ட் ஏதாவது கிடந்தால் பிறந்த இடம் என்ன என்று பாருங்கள். தோட்டத்தின் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எழுதும்போது இரண்டையும் எழுதுங்கள், பாட்டி சொன்ன கப்பலையும் நீங்கள் கண்டுபிடித்த நடையையும். தயவுசெய்து அவரைக் கரையில் நிறுத்தி, கண்ணீரோடு தாய்மண்ணைத் திரும்பிப் பார்க்க வைக்காதீர்கள். பஞ்சத்தில் நடந்தவருக்கு அன்றைய கஞ்சிதான் கவலையாக இருந்திருக்கும்.

இன்னொன்று, மூன்றாவது தடவை திரும்பியவர் அப்புறம் ஏன் போகவில்லை? உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களா?