பனியில் வெளுத்த துணி

கேள்வி: ஜப்பானிய எழுத்தாளர் யசுனாரி கவபாட்டாவின் ‘யுகிகுனி’ (பனிநாடு) நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். டோக்கியோப் பணக்காரன் ஒருவன் வெந்நீர் ஊற்று ஊருக்குப் போகிறான், விருந்துகளில் ஆடிப் பாடும் கெய்ஷா ஒருத்தியோடு பழகுகிறான், திரும்புகிறான். இதற்கா நோபல் பரிசு? கடைசியில் அந்த ஊர்ப் பெண் யோகோ செத்தாளா, பிழைத்தாளா?
— ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: முதல் தடவை படித்தபோது எனக்கும் அந்த டோக்கியோக்காரன் ஷிமாமுரா மேல் ஆத்திரம்தான். நேரில் பார்த்தே இராத மேல்நாட்டு பாலே நடனத்தைப் பற்றி எழுதுகிற ஆள். அந்தக் கெய்ஷா கோமாகோ, படித்த கதைகளையெல்லாம் பதினைந்து பதினாறு வயதிலிருந்தே நோட்டில் குறித்து வைக்கிறாள். பத்து நோட்டு சேர்ந்துவிட்டது. ‘வீண் வேலை’ என்கிறான். ஆமாம் என்று அவளும் முகம் மலர ஒத்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இரண்டாம் தடவைதான் சிஜிமி துணி கண்ணில் பட்டது. கடைசிப் பகுதியில் வருகிறது, நீங்கள் வேகமாகத் தாண்டியிருக்கலாம். பனி மூடிய மாதங்களில் ஊர்ப்பெண்கள் செடி நாரை மயிரிழையாக நூற்று நெய்து, பனிமேலேயே விரித்து வெளுக்கிறார்கள். பனியின் ஈரம் இல்லாவிட்டால் அந்த நூல் கைக்கு வசப்படாது. நெய்தவள் செத்து எத்தனையோ காலம் ஆன பிறகும், ஷிமாமுரா தன் பழைய சிஜிமி உடுப்புகளை வருஷா வருஷம் அங்கே வெளுக்க அனுப்புகிறான்.

உங்களூருக்குப் பக்கத்துப் பத்தமடைதான் நினைவுக்கு வந்தது. கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்து நெய்த பட்டுப்பாய், துணி மாதிரி மடியும். என் பெரியம்மாவின் கல்யாணப் பாய் இன்னும் பரணில், பழைய வேட்டிக்குள் சுருட்டி இருக்கிறது. பெண் பேரும் மாப்பிள்ளை பேரும் பாயிலேயே நெய்தது. ஓர் எழுத்தில் இழை தப்பியிருக்கிறது. அதைச் சரிக்கட்ட அடுத்த எழுத்தைக் கொஞ்சம் நெருக்கியிருக்கிறாள். நெய்த அம்மாளின் பேர் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு ஷிமாமுராவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பரிசு 1968-இல் வந்தது. இந்த நாவலோடு ‘ஆயிரம் கொக்குகள்’, ‘பழைய தலைநகரம்’ இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். யுகிகுனியை 1935-இல் பத்திரிகைகளில் துண்டு துண்டாக எழுதத் தொடங்கி, சேர்த்தும் திருத்தியும் 1948-இல்தான் முடித்தார். கதை முடிச்சைத் தேடினால் கிடைக்காது.

யோகோ பிழைத்தாளா என்று கவபாட்டா சொல்லவில்லை. சினிமா காட்டிய பட்டுக்கூட்டுக் கிடங்கு எரிகிறது. மேலேயிருந்து விழுந்தவளை, அவளோடு ஒருநாளும் ஒட்டாத கோமாகோ ஓடிப்போய் மார்போடு வாரி எடுக்கிறாள். ‘இவளுக்குப் பைத்தியம், பைத்தியம்’ என்று கத்துகிறாள். கிட்டே போகப் பார்த்த ஷிமாமுராவைக் கூட்டம் ஒதுக்கித் தள்ளுகிறது. தடுமாறி நின்று தலையை நிமிர்த்துகிறான்; பால்வீதி இரைச்சலோடு அவனுக்குள் இறங்குகிறது.