கழிவுநீர்க் கசடைச் சுட்டால் நஞ்சு போய்விடுமா?

கேள்வி: சுத்திகரிப்பு நிலையத்தில் காய்ந்த கசடு இலவசமாகத் தருகிறார்கள். அதில் அழியாத ரசாயனம் இருக்கும் என்கிறார்கள். ட்ரம்மில் போட்டுச் சுட்டுக் கரியாக்கினால் தீவனப்புல் வயலுக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். கசடையும் வாங்காதீர்கள், ட்ரம்மையும் பற்றவைக்காதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ரசாயனக் குடும்பம். ஒட்டாத பாத்திரப் பூச்சு, தீயணைப்பு நுரை, எண்ணெய் ஊறாத காகிதம் என்று பல வழிகளில் சாக்கடைக்கு வந்து சேர்கிறது. இதிலுள்ள கார்பன்-ஃப்ளோரின் பிணைப்பு லேசில் அறாது. வெயிலில் காயவைத்தாலும் மட்கவைத்தாலும் கிருமி குறையும், நாற்றம் குறையும், இது அப்படியே இருக்கும்.

வெப்பம் இதை உடைக்கும் என்பது உண்மைதான். ஆலைகளில் கசடை உலர்த்தி, காற்றுப் புகாத கலனில் சுமார் 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். மிஞ்சும் கரியில் இந்த ரசாயனம் மிகவும் குறைந்துவிடுகிறது. ஆனால் கரியில் இல்லாததெல்லாம் அழிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பகுதி வாயுவோடு கிளம்பியிருக்கும். அந்த வாயுவைத் தனியே 1,000 டிகிரி அளவில் எரித்து, அதில் உண்டாகும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற அரிக்கும் நச்சு வாயுவைக் கழுவிப் பிடிக்க வேண்டும். ட்ரம்மில் இது எதுவும் நடக்காது. புகையை நீங்கள்தான் சுவாசிப்பீர்கள். மிச்சம் உங்கள் வயலிலேயே படியும்.

அப்புறம், செம்பு, துத்தநாகம், ஈயம் போன்ற உலோகங்களை எந்தச் சூடும் அழிக்காது. எடை குறையக் குறையக் கரியில் அவற்றின் செறிவுதான் ஏறும். தழைச்சத்தும் பெருமளவு போய்விடும். மணிச்சத்து தங்கும், மெதுவாகத்தான் கிடைக்கும்.

தீவனப்புல் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கசடு போட்ட பண்ணைகளின் பாலிலேயே இந்த ரசாயனம் வந்தது. 2022-இல் கசடை நிலத்தில் போடுவதையே அங்கே சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

ஆலையில் செய்த கரியை யாராவது கொடுத்தால், அந்தத் தொகுதிக் கரிக்கென்றே எடுத்த ஆய்வறிக்கையைக் கேளுங்கள். பி.எஃப்.ஏ.எஸ்., கன உலோகம் இரண்டும் அதில் இருக்க வேண்டும். வாயுவை என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே கசடு போட்ட வயல் இருந்தால் மண்ணோடு கிணற்று நீரையும் சோதியுங்கள். முடிவு வரும்வரை அங்கே கீரையும் தீவனமும் வேண்டாம். இலைகளில் ஏறுகிற அளவுக்குத் தானியத்தில் இந்த ரசாயனம் ஏறுவதில்லை.