77 வயதில் கொழுப்பு மாத்திரை தொடங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 77. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 15 வருடமாகப் பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன், கட்டுப்பாட்டில் இருக்கிறது. சர்க்கரை இல்லை. இதயக் கோளாறு எதுவும் வந்ததில்லை. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 238, கெட்ட கொழுப்பான எல்டிஎல் 156 என்று வந்தது. டாக்டர் ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறேன், அட்டையை இன்னும் பிரிக்கவில்லை. தசையை அரித்துவிடும், ஞாபக மறதி வரும் என்கிறார்கள். என் கணவருக்கு 81 வயது, 2019-ல் ஸ்டென்ட் வைத்தது. கால் வலிக்கிறது என்று கொழுப்பு மாத்திரையை இரண்டு மாதம் முன்பு அவராகவே நிறுத்திவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறார். நானும் பூண்டு, வெந்தயத்தோடு சமாளிக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கணவரைப் பற்றி எழுதிய நான்கு வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அதை முதலில் பேசிவிடுவோம்.

ஸ்டென்ட் என்பது அடைப்பு இருந்த ஓர் இடத்தை விரித்து வைக்கும் சின்னக் குழாய். மற்ற ரத்தக் குழாய்களில் படிந்திருக்கும் கொழுப்பை அது ஒன்றும் செய்வதில்லை. அந்தப் படிவு எங்கோ ஓர் இடத்தில் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறையும்போதுதான் பெரும்பாலும் மாரடைப்பு வருகிறது. கொழுப்பு மாத்திரையான ஸ்டாடின் வகை (உங்களுக்கு எழுதிய ரோசுவாஸ்டாட்டினும் இதில் ஒன்று) எல்டிஎல்லைக் குறைப்பதோடு, இந்தப் படிவு சட்டென்று வெடிக்காதபடி இறுகவும் வைக்கிறது. நிறுத்தினால் உடம்பில் எதுவும் தெரியாது. சில வாரங்களில் எல்டிஎல் பழைய அளவுக்கு ஏறிவிடும், அவ்வளவுதான். "நன்றாகத்தான் இருக்கிறார்" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் ஆனவர்கள் விஷயத்தில் வயது ஒரு தடையே இல்லை. 28 ஆய்வுகளில் கலந்துகொண்ட சுமார் 1,86,000 பேரின் விவரங்களைச் சேர்த்து 2019-ல் ஓர் அலசல் வெளியானது. அதில் 75 வயதைத் தாண்டியவர்கள் 14,000-க்கும் மேல். இதய, ரத்தக்குழாய் நோய் இருந்தவர்களுக்கு அந்த வயதிலும் மாத்திரையால் பலன் இருந்தது.

சரி, கால் வலி? மாத்திரையால் வந்த தசை வலி என்றால், நிறுத்திய சில வாரங்களில் குறைந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் ஆகிவிட்டது. வலி இன்னும் அப்படியே இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மாத்திரைமேல் பழி போட முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். கொஞ்ச தூரம் நடந்ததும் ஆடுசதை இறுக்கிப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? அப்படியென்றால் கால் ரத்தக் குழாயிலேயே அடைப்பு இருக்கலாம். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது வரக்கூடியதுதான். அப்போது எந்த மாத்திரையை நிறுத்தினாரோ, அதுவேதான் அவருக்கு இன்னும் அவசியம்.

வலி நிறுத்தியதும் போய்விட்டது என்றாலும் கதவு மூடிவிடவில்லை. லண்டனில் சாம்சன் என்றொரு ஆய்வு நடந்தது, 2020-ல் வெளியானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்தியிருந்த 60 பேருக்கு நான்கு மாதம் நிஜ மாத்திரை, நான்கு மாதம் வெற்று மாத்திரை, நான்கு மாதம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நிஜ மாத்திரையில் பட்ட தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. அந்த வலி பொய் என்று நான் சொல்லவில்லை, வலி நிஜம்தான். ஆனால் காரணம் பெரும்பாலும் மருந்து இல்லை. தங்கள் முடிவைப் பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்கள். உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாத சிலர் உண்டு. அவர்களுக்கு அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடின் மாற்றலாம், எசெட்டிமைப் போன்ற வேறு வகை மருந்து தரலாம்.

இப்போது உங்கள் விஷயம். உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. மாத்திரையைப் பிரிக்காமல் வைத்திருந்ததில் தப்பும் இல்லை.

முதலில் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டீர்களா? வயதான பெண்களில் தைராய்டு மந்தமாக இருப்பது சகஜம், அதுவே கொழுப்பை ஏற்றிவிடும். அதைக் கவனிக்காமல் ஸ்டாடின் தொடங்கினால் தசை வலியும் சுலபமாக வரும். கூடவே மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை.

இதய நோயே வராத, 75 தாண்டிய ஒருவர் புதிதாகத் தொடங்க வேண்டுமா என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2022-ல், 76 வயது முதல் புதிதாகத் தொடங்குவது பற்றிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொன்னது. பலன் தெரியவும் நாளாகும். 50 முதல் 75 வயதுக்காரர்களில், 100 பேர் மாத்திரை சாப்பிட்டால் அவர்களில் ஒருவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வராமல் தடுக்கவே சுமார் இரண்டரை வருடம் ஆகிறது என்று ஒரு கணக்கு உண்டு. அதனால் வேறு பெரிய நோயால் தளர்ந்துபோன ஒருவருக்கு நான் இதைத் தொடங்க மாட்டேன்.

உங்கள் எழுத்தைப் பார்த்தால் அப்படித் தளர்ந்தவராகத் தெரியவில்லை. பிரஷரும் இருக்கிறது. நான் உங்கள் மருத்துவராக இருந்தால், தைராய்டு சரியாக இருக்கும் பட்சத்தில் தொடங்கலாம் என்பேன். ஆனால் 10-ல் ஆரம்பிக்காமல் 5 மி.கி. போதுமா என்று கேளுங்கள். ரோசுவாஸ்டாட்டின் நம்மைப் போன்ற ஆசியர்கள் ரத்தத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஏறுகிறது, அதனால் குறைந்த அளவிலேயே வேலை நடக்கும். மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு எல்டிஎல் பாருங்கள். இதையெல்லாம் கேட்டபிறகும் "எனக்கு வேண்டாம்" என்று நீங்கள் முடிவு செய்தால், அதை நான் மதிப்பேன். பிரஷரை மட்டும் கோட்டை விடாதீர்கள், உங்களுக்கு அதுதான் முதல் காவல்.

ஞாபக மறதி பற்றிய பயத்தை விடலாம். 70 முதல் 82 வயது வரையிலான 5,804 பேரை வைத்து நடந்த ப்ராஸ்பர் ஆய்வில், மூன்று வருடத்துக்கும் மேல் நினைவாற்றலைச் சோதித்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. தசை விஷயத்தில், படி ஏறும்போது முட்டி வலிப்பது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். இரண்டு தொடையும் தோளும் சேர்ந்து வலித்து, உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் போனாலோ, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ, அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அது மிக அரிது.

பூண்டு, வெந்தயம் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அவை எல்டிஎல்லைக் குறைப்பது கொஞ்சம்தான். அதைவிடத் தேங்காய் எண்ணெயும் பாமாயிலும் குறைத்தால் பலன் அதிகம்.

இந்த வாரமே கணவரை இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இன்றைக்கே ஒன்று கேட்டுவிடுங்கள்: கொழுப்பு மாத்திரையோடு சேர்த்து, ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினையும் நிறுத்திவிட்டாரா?