கறுப்புக் கற்கள் குண்டுவீச்சில் கருகியவையா?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள ஃப்ராவென்கிர்ஷெ தேவாலயப் படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும் கறுப்புக் கற்களை "தீயில் கருகியவை" என்று கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படி எழுத வேண்டாம். அவை இடிந்த பழைய கட்டடத்தின் கற்கள்தான், ஆனால் கறுப்புக்கு முக்கியக் காரணம் தீ இல்லை. அந்த வட்டார மணற்கல்லில் இரும்புச்சத்து உண்டு. காற்றும் மழையும் பட்டுப் பட்டுத் தானாகவே கறுக்கும். மீள்கட்டுமானத்தில் சேர்த்த புதிய கற்களும் ஒருநாள் அப்படித்தான் ஆகும்.

இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரி 13 இரவு குண்டுவீச்சு, 15ஆம் தேதி குவிமாடம் சரிந்தது. டிரெஸ்டன் கிழக்கு ஜெர்மனியில் இருந்த காலம் முழுக்க வெறும் இடிபாடு. மீள்கட்டுமானம் 1994இல் தொடங்கி 2005இல் முடிந்தது. இடிபாட்டுக் கற்களை ஒவ்வொன்றாக அளந்து, பழைய இடம் தெரிந்தவற்றை அங்கேயே வைத்தார்கள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அப்புறம், உச்சியிலுள்ள சிலுவையைச் செய்தவர் ஒரு பிரிட்டன் பொற்கொல்லர். டிரெஸ்டன்மீது குண்டு வீசிய விமானிகளில் ஒருவரின் மகன். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.