இங்கிலீஷ் டீச்சரா, மிஷனரியா?

கேள்வி: நான் நாகர்கோவில் பக்கத்துப் பெண். வயது 27. ஒரு மிஷனரி ஸ்தாபனம் மூலமாகத் தாய்லாந்து வந்து, சியாங்மாய்க்கு வெளியே ஓர் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். பத்து மாதம் ஆகிறது. காலையில் கொடியேற்றம், அப்புறம் வகுப்புகள், சாயங்காலம் நோட்டுத் திருத்தம், அவ்வளவுதான் என் நாள். ஊரில் என்னைத் தாங்குகிற சபையார் மாதாமாதம் ‘எத்தனை ஆத்தும ஆதாயம்?’, அதாவது எத்தனை பேரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவந்தாய் என்று கேட்கிறார்கள். இதுவரை நான் சாதித்தது, ‘ஐ லை ரை’ என்று சொன்ன மூன்றாம் வகுப்பை ‘ஐ லைக் ரைஸ்’ என்று சொல்லவைத்தது மட்டும்தான். சனிக்கிழமைகளில் இங்குள்ள சின்ன சபையின் கூடத்தில் இலவச இங்கிலீஷ் வகுப்பு நடத்தி, முடிவில் பைபிள் கதை சொல்வேன். ஜெபிக்கலாமா என்றால் எல்லாக் கையும் உயரும். ஞாயிறு ஆராதனைக்கு ஒருவரும் வருவதில்லை. நான் யாரை ஏமாற்றுகிறேன் என்றே தெரியவில்லை. ஜூனில் பள்ளியில் ஆசிரியர் வணக்க நாளாம், பிள்ளைகள் நம் காலடியில் விழுவார்களாம். அன்று லீவு போட்டுவிடட்டுமா? பி.கு.: இங்கே புளிக்கு என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

பதில்: சகோதரி, அந்த ‘ஐ லை ரை’யைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நானும் அந்தப் பக்கத்து மலையடிவாரத்தில் சில வருடம் சாக்பீஸ் பிடித்தவள். தாய் பேசும் பிள்ளைகள் இங்கிலீஷ் சொல்லின் வாலை விழுங்கிவிடுவார்கள். நாம் இல்லாத வாலை ஒட்டுவோம்: பஸ்ஸு, புக்கு, ரைஸு. எனவே ‘ரைஸ்’ சொல்லிக்கொடுக்கும்போது உங்கள் ‘ஸ்’ஸுக்குப் பின்னால் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று கொஞ்சம் கவனியுங்கள். என் வகுப்பில் பாதிப் பேர் ‘மில்க்கு’ என்றுதான் சொன்னார்கள். யாரிடமிருந்து கற்றார்கள் என்று எனக்கே தெரிய ஒரு மாதமாயிற்று.

முதலில் அந்தச் சனிக்கிழமைக் கைகளைப் பற்றிப் பேசுவோம், சிக்கலே அங்கேதான் இருக்கிறது. தாய்லாந்தில் ‘க்ரெங் ஜாய்’ என்று ஒரு சொல்லை நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். நம் மொழியில் அதற்குப் பொருத்தமான சொல் முகதாட்சண்யம். எதிரே இருப்பவர் மனம் நோகக்கூடாது, அதுவும் ஆசிரியர் மனம் நோகவே கூடாது என்று தலையாட்டுவது. உங்களை அவர்கள் ‘க்ரூ’ என்று கூப்பிடுகிறார்கள் அல்லவா? நம் ‘குரு’தான் அது. குரு கேட்டால் எந்தப் பிள்ளை மறுக்கும்? ‘நாளை எல்லாரும் மஞ்சள் சட்டையில் வருவோமா?’ என்று கேட்டிருந்தாலும் அத்தனை கையும் உயர்ந்திருக்கும். அதை எண்ணி ஊருக்கு எழுதாமல் இருந்தீர்களே, அந்த மட்டில் உங்கள் மனசாட்சி நன்றாகவே வேலை செய்கிறது.

உங்களுக்கு முன்னால் இதே குழப்பம் அந்த நாட்டிலேயே ஒருவருக்கு வந்திருக்க வேண்டும். ஜெஸ்ஸி காஸ்வெல் என்ற அமெரிக்க மிஷனரி. பாங்காக்கில் 1845-ல் தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஒரு புத்த பிட்சுவுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிட்சு ஓர் இளவரசர், மோங்குட். சம்பளம் என்ன தெரியுமா? கோயில் வளாகத்திலேயே காஸ்வெல் பிரசங்கம் செய்துகொள்ள ஓர் அறை. விருப்பமுள்ளவர் வந்து கேட்கலாம். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். இங்கிலீஷ் ஓர் இடத்தில், பிரசங்கம் வேறோர் இடத்தில், இரண்டும் எல்லாருக்கும் தெரிந்தே நடந்தன. மோங்குட் 1851-ல் அரசரானார், கடைசிவரை பௌத்தராகவே இருந்தார். 1862-ல் தன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அன்னா லியோனோவன்ஸ் என்ற ஆசிரியையை அழைத்தபோது, இங்கிலீஷும் அறிவியலும் இலக்கியமும் போதும், மதமாற்றம் வேண்டாம் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டார். மிஷனரிகளோடு நெருங்கிப் பழகிய மனிதர் போட்ட நிபந்தனை அது!

நீங்களும் உங்கள் சனிக்கிழமையை இரண்டாகப் பிரியுங்கள். பத்து மணிக்கு இங்கிலீஷ், இங்கிலீஷ் மட்டும். பதினொன்றரைக்கு வகுப்பு முடிந்தது என்று சொல்லிக் கதவைத் திறந்து விடுங்கள். பைபிள் கதை பிற்பகலில், தனி நேரத்தில், ‘இது பைபிள் கதை’ என்ற அறிவிப்போடு. பெற்றோருக்கும் தாய் மொழியில் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பிவிடுங்கள். நாற்பது பேர் மூன்று பேராகலாம். ஆகட்டுமே. ‘விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்’ பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கும்படிதான் பேதுரு எழுதினார். அந்த மூன்று பேர் விசாரித்து வந்தவர்களாக இருப்பார்கள்.

பள்ளிக்கூடத்துக்குள் பிரசங்கம் வேண்டவே வேண்டாம். அவர்கள் உங்களை வேலைக்கு எடுத்தது இங்கிலீஷுக்கு. கையோடு உங்கள் விசாவையும் எடுத்துப் பாருங்கள். ஆசிரியர் வேலைக்கு ஒரு வகை, மத ஊழியத்துக்கு வேறு வகை என்று இருக்கலாம். சனிக்கிழமை வேலைக்கு உங்களுடையது செல்லுமா என்று பள்ளி அலுவலகத்தில் வெளிப்படையாகவே கேளுங்கள். தொண்ணூறு நாளுக்கொரு முறை இமிக்ரேஷனில் முகவரி தெரிவிப்பதையும் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, ஜூன். லீவு போடாதீர்கள். அது பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமையாக இருக்கும், குருவாரம். பிள்ளைகள் கொண்டுவரும் தட்டை உற்றுப் பாருங்கள். அதில் இட்லிப்பூ இருக்கும். அவர்கள் மொழியில் அதற்கு ஊசிப்பூ என்று பொருள், புத்தி ஊசிபோல் கூர்மையாக வேண்டும் என்று. அருகம்புல் இருக்கும், படிப்பு அதுபோல் படர வேண்டும். கத்தரிப்பூ இருக்கும், அது தலை கவிழ்ந்தே பூக்கும், அதுதான் பணிவு. முதல் வருடம் நான் அந்தப் புல்லைக் கண்டதும் பிள்ளையாருக்குச் சாத்துவதாயிற்றே என்று மிரண்டு, பாத்ரூமில் போய் நின்றுகொண்டேன். வெளியே வந்தபோது ஒரு சின்னப் பெண் தட்டோடு அங்கேயே காத்துக்கொண்டிருந்தாள். பூவெல்லாம் வாடியிருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அங்குள்ள கிறிஸ்தவப் பள்ளிகளிலேயே இந்த நாளைத் தங்கள் முறைக்கு மாற்றிக் கொண்டாடுகிறார்கள். ஊதுபத்தி ஏற்றுவதும் மந்திரம் சொல்வதும் உங்களுக்கு ஒப்பவில்லை என்றால், தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்த நேரத்தில் சும்மா தலைகுனிந்து நில்லுங்கள். தட்டை இரண்டு கையாலும் வாங்குங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: நம் ஊர்ப் பழக்கத்தில் பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபித்துவிடாதீர்கள். அங்கே தலை தொடக்கூடாத இடம்.

சபைக்கு என்ன எழுதுவது? நடந்ததை எழுதுங்கள். டானியல் மெக்கில்வரி என்ற அமெரிக்க மிஷனரி உங்கள் சியாங்மாய்க்கு 1867-ல் வந்தார். முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1869-ல். அதுவும் 1868 ஆகஸ்டில் வந்த சூரிய கிரகணத்தை மெக்கில்வரி முன்கூட்டியே சொன்னது பலித்ததைப் பார்த்த பிறகு. பத்து மாதக் கணக்குக் கேட்கிறவர்களுக்கு இதை ஒரு வரி சேர்த்து அனுப்பலாம். மற்றபடி மூன்றாம் வகுப்பு ‘ரைஸ்’ சொன்ன கதையையே ஒரு பக்கம் எழுதுங்கள். காணிக்கை குறைந்தால் குறையட்டும். கை தூக்கியவர்களின் எண்ணிக்கையை எழுதி வாங்குகிற காணிக்கை உங்களுக்குச் செரிக்காது. இப்போதே செரிக்கவில்லை என்பதால்தானே எனக்கு எழுதினீர்கள்?

புளிக்கு ‘மகாம் பியாக்’ என்று கேளுங்கள், சந்தையில் கட்டியாகக் கிடைக்கும். வெறும் ‘மகாம்’ என்றால் சில கடைகளில் தின்னும் இனிப்புப் புளியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நான் அதில் ஒருமுறை ரசம் வைத்திருக்கிறேன்.